பெயிண்டருக்கு ஜெயில் பிடித்துப்போன கதை

அந்த ஜெயிலில் அதுவரைக்கும் யாருக்கும் கருத்து என்று ஒன்று இருந்ததில்லை. வரும்போது கொண்டுவருகிறவர்கள்கூட வாசலிலேயே செருப்பு, பெல்ட்டோடு அதையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் தலைமைக் காவலர் விசில் ஊதி எல்லாரையும் மைதானத்தில் குந்தவைத்துச் சொன்னார்:

"எல்லாரும் காதைத் தொறந்து வெச்சுக் கேளுங்க. சாயங்காலத்துக்குள்ள ஆளுக்கொரு கருத்து தயாரா இருக்கணும். எவனாவது எனக்குக் கருத்து இல்லேன்னான்னு வெச்சுக்குங்க, தோலை உரிச்சுப்புடுவேன்."

பெயிண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் கப்பல் உட்கார்ந்திருந்தான். பூட்டை உடைத்துத் திருடுவது அவன் தொழில். உடம்பு பெருத்த உடம்பு, அதனால் அந்தப் பெயர். ஓடத்தான் முடியாது, ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்வான். ஊர் ஊராக லாட்ஜில் தங்குகிறவர்கள் பேசுவார்களே, அங்கே தண்ணீர் நல்லாயிருக்கும், இங்கே காற்று வராது என்று, அந்த மாதிரி ஜெயில்களைப் பற்றிப் பேசுவான்.

"எதைப் பத்திடா கருத்து?" என்று பெயிண்டர் கேட்டார்.

"எதைப் பத்தியா இருந்தா என்னண்ணே? போன வருஷம் கருத்து சொன்னதுக்கு அடிச்சாங்க. இந்த வருஷம் சொல்லலேன்னா அடிப்பாங்களாம். அடி மட்டும் மாறாம இருக்கு பாருங்க."

விஷயம் இதுதான். மேலிடத்தில் யாரோ கூட்டம் போட்டு யோசித்திருக்கிறார்கள். சுவர் கட்டினோம், கம்பி போட்டோம், எல்லாம் சரி, உள்ளே இருக்கிறவன் அந்த இடத்தை எப்படி உணர்கிறான் என்று யாருமே கேட்கவில்லையே என்று திடீரென்று ஒரு கவலை வந்துவிட்டது. உடனே 'சிறைச் சமூகச் சூழல் அளவீடு' என்று ஒரு திட்டம். எந்த ஜெயில் கைதிகள் தங்கள் சூழலை ரொம்ப நல்லதாக உணர்கிறார்களோ அந்த ஜெயிலுக்கு ஒரு கோப்பை, அதன் கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு. கேட்டதிலிருந்து கண்காணிப்பாளர் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

முதல் வேலையாகக் 'கைதி' என்ற சொல்லுக்குத் தடை போட்டார். இனிமேல் எல்லாரும் 'இல்லவாசி'. காவலர்கள் மரியாதையோடு கூப்பிட வேண்டும். அன்று மத்தியானமே சாப்பாட்டு வரிசையில், "டேய் இல்லவாசி நாயே, முட்டாம நில்லுடா" என்ற சத்தம் கேட்டது. ஒரு மாற்றம் தெரியத்தான் செய்தது.

பெயிண்டருக்கு இந்தச் சூழல், கருத்து எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் அவர் மனைவி பார்க்க வந்துவிட்டுப் போயிருந்தாள்.

அங்கே பார்க்கிறது என்றால், இடுப்புயரச் சுவர், அதற்கு மேல் இரண்டு வரிசைக் கம்பி வலை, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்தக் கூச்சலில் அவளும் தொண்டை கிழியக் கத்தினாள்:

"கர்ப்பப்பையை எடுத்துடணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க!"

அவள் கத்துகிற நேரம் பார்த்து மற்றவர்கள் எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்கக் கேட்டது. இரண்டு பக்கமும் முகங்கள் திரும்பின.

"மெதுவா சொல்லேன்டி" என்றார் பெயிண்டர்.

"மெதுவா சொன்னா உங்களுக்குக் கேக்காது. இந்த மாசம் கடைசி வியாழக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. நீங்க வந்து பக்கத்துல நிக்கணும். நின்னாத்தான் படுப்பேன். இல்லேன்னா அந்த டாக்டரம்மாவே படுத்துக்கட்டும்."

"பொண்ணைக் கூட்டிட்டுப் போயேன்."

"அவ ஊசியைப் பாத்தாலே மயங்கி விழுவா. அப்புறம் அவளை யாரு பாக்கிறது? இங்க பாருங்க, எங்கம்மா இப்படித்தான் தன்னந்தனியா போய்ப் படுத்தா. எழுந்திரிக்கல. எனக்கு பயமா இருக்குங்க."

கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் கத்தவில்லை. உதட்டசைவிலேயே பெயிண்டருக்குப் புரிந்தது. இருபது வருஷம் சுவரைப் பார்த்தே பிழைத்தவர் அவர், வெளுப்பு எது, சாயம் போனது எது என்று பார்த்ததும் சொல்லிவிடுவார். ஒவ்வொரு தடவை வரும்போதும் அவள் முகம் ஒரு கோட் வெளுத்துக்கொண்டே வந்தது.

அவர் உள்ளே வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக்காரர் மூன்று கோட் அடித்து முடித்த பிறகு, "இது நான் சொன்ன கலரே இல்லை" என்றார். மறுபடி சுரண்டி அடித்தார் பெயிண்டர். "இதுவும் இல்லை" என்றார். மூன்றாவது தடவை பெயிண்டர் வாளியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்து, "இப்ப கிட்டத்துல பாருங்க" என்றார். வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. டிஸ்டெம்பராக இருந்திருந்தால் கழுவினால் போயிருக்கும், தண்டனையும் குறைந்திருக்கும். எனாமல். கோர்ட்டுக்கு வந்தபோதுகூட அந்த மனிதர் காதோரம் பச்சையாகத்தான் இருந்தார். நீதிபதி அதைப் பார்த்துக்கொண்டே தீர்ப்பு எழுதினார்.

சரி, லீவு கேட்க வேண்டும். மூன்று நாள். வாத்தியார் மனு எழுதிக் கொடுத்தார். வாத்தியார் நிஜமாகவே வாத்தியார்தான், பரீட்சை எழுதாத பிள்ளைகளுக்கெல்லாம் பாஸ் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்து உள்ளே வந்தவர். அதனால் அதிகாரிகளின் மனசு அவருக்கு அத்துப்படி.

"பெயிண்டரே, மனு கெடக்கட்டும். நாளைக்குச் சூழல் நிபுணர் வரார். உங்களைக் கேப்பார். எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லிடுங்க. நல்ல பிள்ளைன்னு பேர் வந்துட்டா லீவு தானா வரும்."

"எனக்குப் பொய் சொல்ல வராதே சார்."

"பொய் எதுக்கு? கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மிச்சத்தை அவங்க பாத்துக்குவாங்க."

மறுநாள் நிபுணர் வந்தார். ஜெயில்களைப் பற்றித் தலையணை தலையணையாகப் புத்தகம் எழுதியவர், ஆனால் உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. வந்ததும் அவர் கேட்டது, தான் இருக்கும் வரைக்கும் அறைக் கதவைத் திறந்தே வைக்க முடியுமா என்று. காற்றுக்காகத்தான் என்று சொன்னார். ஜன்னல் இருந்தது.

பெயிண்டரை எதிரில் உட்கார வைத்தார். கண்காணிப்பாளர் பக்கத்தில் நின்று, "பயப்படாம மனசுல இருக்கறதைச் சொல்லுங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று தைரியம் சொன்னார்.

"சக இல்லவாசிகளுக்குள்ள கூட்டுணர்வு இருக்கறதா உணர்றீங்களா?"

"அப்படின்னா?"

"ஒண்ணுக்கொண்ணு அனுசரிச்சுப் போறது."

பெயிண்டர் யோசித்துப் பார்த்தார். "போய்த்தான் ஆகணும் சார். பத்துப் பேர் படுக்கற எடத்துல முப்பது பேர் படுக்கறோம். ஒருக்களிச்சுத்தான் படுக்க முடியும். ஒருத்தர் திரும்பணும்னா எல்லாரும் திரும்பணும். கப்பல் 'திரும்பு'ன்னு குரல் குடுப்பான், மொத்தமா திரும்புவோம்."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "தூக்கத்துலகூட ஒற்றுமை" என்று கண்காணிப்பாளரிடம் சொன்னார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு பதில் கேட்டதில்லை." பத்துக்குப் பத்து போட்டார்.

"பாதுகாப்பா உணர்றீங்களா?"

"பூட்டெல்லாம் நல்லா இருக்கு சார். கப்பலே சொன்னான்."

பத்து.

"அதிகாரிகள் நீங்க பேசறதைக் காது குடுத்துக் கேக்கறாங்களா?"

"எல்லாத்தையும் கேக்கறாங்க சார். போன்ல நான் என் பொண்டாட்டிகிட்ட பேசறதைக்கூட."

பத்து.

"சாப்பாடு?"

"யாரும் ரெண்டாவது தடவை கேக்கறதில்லை சார்."

"முதல் தடவையிலயே திருப்தி" என்று நிபுணர் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"வெளியே இருந்தப்போ இல்லாத ஏதாவது நல்ல விஷயம் இங்க கெடைச்சிருக்கா?"

இதற்கு உண்மையிலேயே யோசித்தார் பெயிண்டர். "இங்க யாரும் கலர் மாத்தச் சொல்றதில்லை சார். எல்லாச் சுவரும் சாம்பல். ஒரே தடவை அடிச்சா வேலை முடிஞ்சுது."

"தொழில் நிம்மதி!" என்றார் நிபுணர்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. ஜெயிலுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அதிலும் தனியாள் மதிப்பெண்ணில் பெயிண்டர்தான் முதல். கண்காணிப்பாளர் அவரை மேடையேற்றி, கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு, 'முன்மாதிரி உணர்வாளர்' என்று பட்டம் கொடுத்தார். அப்புறம் துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அதில் யாராவது தூக்கு மாட்டிக்கொள்ளக்கூடும், அதனால் உள்ளே துண்டு வைத்திருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது.

"பாத்தீங்களா?" என்றார் வாத்தியார். "லீவு கையில வந்த மாதிரிதான்."

லீவு வாரியம் கூடியது. மூன்று பேர். நடுவில் தலைவர், ஒரு பக்கம் நலத்துறை அம்மாள், இன்னொரு பக்கம் கண்காணிப்பாளர். பெயிண்டர் சட்டையின் ஒரே பொத்தானையும் போட்டுக்கொண்டு போய் நின்றார்.

தலைவர் மனுவைப் படித்தார், மதிப்பெண்ணைப் பார்த்தார், பெயிண்டரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தொண்ணூத்தாறு எடுத்த எடத்துல இருக்கீங்க. அதுலயும் முதல் ஆள். உங்களை எந்த மனசோட வெளியே அனுப்பறது?"

"சார், மூணே நாள்தான் சார். வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். நான் போகலேன்னா அவ படுக்க மாட்டா."

"புரியுது" என்றார் நலத்துறை அம்மாள். "ஆனா நாங்க உணர்ச்சிவசப்பட்டு முடிவு எடுக்கறதில்லை. உங்களுக்கு இங்கே சூழல் ஒத்துப்போயிருக்கு. நல்லா வேர் புடிச்ச செடியைப் புடுங்கலாமா? வெளியே சூழல் எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அளக்காத எடத்துக்கு ஒரு மனுஷனை அனுப்பறது பொறுப்பில்லாத செயல்."

"அளந்து பாத்துக்குங்கம்மா. சின்ன வீடுதான். நானே அளந்து சொல்றேன், பத்தடிக்குப் பன்னெண்டு."

"அந்த அளவு இல்லை" என்றார் கண்காணிப்பாளர்.

அளந்தார்கள். நிபுணர் பெயிண்டர் வீட்டுக்கே போனார். அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து கதவைத் திறந்தாள். அப்புறம் நடந்ததை அவளே அடுத்த வாரம் வலைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள், சொல்லும்போதே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வீட்டுல தினமும் எண்ணிக்கை எடுக்கறீங்களான்னு கேட்டாருங்க. எதைன்னேன். ஆளுங்களைங்கறாரு! நானும் பொண்ணும் ரெண்டு பேரு, எண்ணித்தான் பாக்கணுமான்னேன். தலையை ஆட்டி ஆட்டி எழுதறாரு. குறையைக் கேக்க அதிகாரி உண்டான்னாரு. குறையெல்லாம் நான்தான் சொல்லுவேன், கேக்கத்தான் ஆளை உள்ள வெச்சிருக்கீங்களேன்னேன். அதையும் எழுதிக்கிட்டாரு. காலையில எழுந்திரிக்க விசில் உண்டான்னாரு. இருந்தா இந்தப் பொண்ணு ஏன் எட்டு மணிவரைக்கும் தூங்கப்போவுதுன்னேன்."

"ஏன்டி அப்படியெல்லாம் சொன்னே?"

"வேற எப்படிச் சொல்றது? கேட்டது அப்படி. நல்லவருதாங்க பாவம், காபி குடுத்தேன், குடிச்சாரு. குடிச்சுட்டு முப்பத்தொண்ணு போட்டுட்டுப் போயிட்டாரு."

நூற்றுக்கு முப்பத்தொன்று. வாரியம் மறுபடி கூடி ஒரே நிமிஷத்தில் கலைந்தது. தலைவர் எழுந்து போகும்போது பெயிண்டர் தோளில் கை வைத்து, "தொண்ணூத்தாறுல இருக்கறவரை முப்பத்தொண்ணுக்கு அனுப்பினா, நாளைக்கு என் பிள்ளை முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கப்பல் சொன்னான்: "அண்ணே, நீங்க அந்த வாத்தியார் பேச்சைக் கேட்டுக் கெட்டீங்க. நல்லாயிருக்குன்னா விடமாட்டாங்க. எவன்தான் நல்லாயிருக்கற எடத்தைவிட்டு விடுவான்? நாறுதுன்னு சொல்லுங்க, மூக்கைப் புடிச்சுக்கிட்டு வெளியே தள்ளுவாங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பெயிண்டர் கருத்தை மாற்ற அனுமதி கேட்டார். நிபுணர் மறுபடி வந்தார். இந்தத் தடவை பெயிண்டர் ஒன்றையும் விடவில்லை. மூட்டைப்பூச்சியைச் சொன்னார், சோற்றுக் கல்லைச் சொன்னார், முப்பது பேருக்கு ஒரு கக்கூஸ், அதற்கும் கதவு இல்லை என்பதைச் சொன்னார், தலைமைக் காவலர் யாரை எதனால் எங்கே அடித்தார் என்று சட்டையைத் தூக்கியே காட்டினார். சொல்லச் சொல்ல அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, இத்தனையும் நமக்குத் தெரிந்திருந்ததா என்று.

நிபுணர் பேனாவை மூடி வைத்தார். கண்காணிப்பாளர் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், நோயாளிக்குக் கேட்காமல் வைத்தியர் பேசுகிற மாதிரி பேசினார்:

"சூழல் தொண்ணூத்தாறு. அது அளந்தாச்சு, அதுல சந்தேகம் இல்லை. அதையே ஒருத்தர் இவ்வளவு மோசமா பாக்கறார்னா, கெட்டுப்போனது சூழல் இல்லை. உணர்தல்."

"திடீர்னு எப்படி சார்?"

"இப்படித்தான் வரும்."

பெயிண்டரை 'உணர்தல் சீரமைப்பு வகுப்பில்' சேர்த்தார்கள். நலத்துறை அம்மாள் பாடம் எடுத்தார். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூட்டைப்பூச்சியைக் கொண்டுவந்து காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

"மூட்டைப்பூச்சிம்மா."

"அது பழைய பார்வை. நல்லா உணர்ந்து பாருங்க."

பெயிண்டர் குனிந்து பார்த்தார். அது மூட்டைப்பூச்சியாகத்தான் இருந்தது.

பின்வரிசையிலிருந்து வாத்தியார் கை தூக்கினார். அவரை யாரும் சேர்க்கவில்லை, வகுப்பு என்று கேள்விப்பட்டுத் தானாக வந்து உட்கார்ந்திருந்தார். "தனிமையில வாடற இல்லவாசியைத் தேடி வர்ற ஒரு சிற்றுயிர் அம்மா" என்றார். அம்மாள் கைதட்டச் சொன்னார். எல்லாரும் தட்டினார்கள்.

வகுப்பு முடிந்ததும் பெயிண்டர் அம்மாளின் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. நான் நல்லாயிருக்குன்னு சொன்னா வேர் புடிச்சிருக்கு, அனுப்ப முடியாதுங்கறீங்க. நல்லா இல்லேன்னு சொன்னா புத்தி கெட்டிருக்கு, அனுப்ப முடியாதுங்கறீங்க. நான் எப்படித்தாம்மா இருந்தா அனுப்புவீங்க?"

அம்மாள் நின்றார். யாரும் தன்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை என்பதுபோல் சிரித்தார். "அதை நீங்களா உணரணும்" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் புதன்கிழமை. கோப்பை கொடுக்கிற விழாவும் அன்றைக்குத்தான். மைதானத்தில் மேடை, நாற்காலி, மைக். துறையின் பெரிய அதிகாரி வந்திருந்தார், படம் பிடிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். முன்மாதிரி உணர்வாளரின் குடும்பத்தைக் காட்ட வேண்டும் என்று கண்காணிப்பாளர் ஜீப் அனுப்பிப் பெயிண்டரின் மனைவியையும் அழைத்து வந்து முதல் வரிசையில் உட்கார வைத்தார். வலை இல்லாமல் அவளைப் பெயிண்டர் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் புடவைத் தலைப்பால் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

பெரிய அதிகாரி பேசினார். நன்றாகப் பேசினார்.

"வெளியே இருக்கிற மக்கள் என்ன பாடு படறாங்க! வாடகைக் கவலை, வேலைக் கவலை, சமைக்கிற கவலை. இங்கே அந்தத் தொல்லை எதுவும் உண்டா? எல்லாக் கவலையும் நாங்க சுமக்கிறோம். காலையில என்ன செய்யறதுன்னு நீங்க யோசிக்க வேண்டாம், நாங்க யோசிச்சு வெச்சிருக்கோம். எங்க போறதுன்னு குழம்ப வேண்டாம், எங்கயும் போக முடியாது. மனுஷனுக்கு நிம்மதின்னா வேற என்ன? உண்மையைச் சொல்றேன், சில நாள் வீட்டுல இருக்கும்போது நானே நெனைப்பேன், பேசாம இங்கயே வந்துடலாமான்னு."

"வாங்க சார்!" என்று கப்பல் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "கொஞ்சம் நெருக்கிப் படுத்துக்கறோம்!"

தலைமைக் காவலர் முறைத்தார். இன்றைக்கு அடிக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அடியைவிட பயமாக இருந்தது.

அப்புறம் குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை என்று மைக்கைப் பெயிண்டரின் மனைவியிடம் கொடுத்தார்கள். சொல்ல வேண்டியதைக் கண்காணிப்பாளர் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தார். அவள் மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"ஐயாமாருங்களுக்கு வணக்கம். இவ்வளவு நல்ல எடம்னு எனக்கு இத்தனை நாள் தெரியாம போச்சு. தொண்ணூத்தாறாம். நான் முப்பத்தொண்ணுல கெடந்து செத்துக்கிட்டிருக்கேன். நாளைக்கு எனக்கு ஆபரேஷன். அந்த ஆஸ்பத்திரியை யாராவது அளந்தீங்களான்னு தெரியல, அளக்காத எடத்துக்குப் போறது தப்புன்னு அந்தம்மாவே சொல்லியிருக்காங்க. அதனால நான் எங்கயும் போகல. இங்கயே இவரு பக்கத்துல இருந்துக்கறேன். ஆகற வைத்தியத்தை இங்கயே பாருங்க."

சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தாள். மேடை விரிப்பு ஓரமாக மடங்கிக் கிடந்தது, அதை இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

"எழுந்திரும்மா" என்றார் கண்காணிப்பாளர். "முடியலீங்க" என்றாள். அது நிஜமும்கூட. தூக்கிவிடலாம் என்றால் பெண் காவலர் ஒருவரும் இல்லை, ஆண்கள் ஜெயில். படம் பிடிக்கிறவர்கள் வேறு கிட்டத்தில் வந்துவிட்டார்கள்.

"அத்துமீறி உள்ளே இருந்தா என்ன தண்டனைன்னு தெரியுமா?" என்று பெரிய அதிகாரி மிரட்டினார்.

"என்னங்க ஐயா?"

"ஜெ—" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அதைத்தாங்க கேக்கறேன்" என்றாள் படுத்தபடியே.

இதற்குள் சாயங்கால எண்ணிக்கை நேரம் வந்துவிட்டது. தலைமைக் காவலர் எண்ணினார். மறுபடி எண்ணினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கண்காணிப்பாளர் காதில் சொன்னார், பக்கத்தில் நின்ற பெயிண்டருக்கும் கேட்டது.

"சார், ஒண்ணு கூட வருது."

"அந்தம்மாவை விட்டுட்டு எண்ணுய்யா!"

"சுவருக்குள்ள இருக்கற எல்லாத் தலையும் எண்ணணும்னுதான் சார் விதி. விருந்தாளிங்களை வெளியேறற லிஸ்ட்ல எழுதிட்டேன். இந்தம்மா வெளியேற மாட்டேங்குதே, எதுல எழுதறது? ஒண்ணு குறைஞ்சா என்ன செய்யணும்னு எனக்கு அத்துப்படி. சங்கு ஊதணும், நாயை விடணும். ஒண்ணு கூடினா என்ன செய்யறதுன்னு சட்டத்துல ஒரு வரிகூட இல்ல சார்."

"சரி, முதல்ல ஐயாவை அனுப்பு. அவர் வீட்டுல விசேஷ விருந்து இருக்கு."

"எப்படி சார் அனுப்பறது? எண்ணிக்கை நேர் ஆகாம பெரிய கேட்டைத் தொறந்தா என் வேலை போயிடும்."

பெரிய அதிகாரி கேட்டைப் பார்த்தார். கேட் மூடியிருந்தது. பேச்சில் சொன்ன நிம்மதி அவர் முகத்தில் கொஞ்சங்கூட இல்லை. நிபுணர் எப்போதோ கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, கம்பி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுக்காகத்தான் போலிருக்கிறது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பெரிய அதிகாரி ஒரு தடவை கக்கூஸுக்குப் போய்விட்டு, கதவில்லாததைப் பார்த்து அப்படியே திரும்பி வந்தார். நலத்துறை அம்மாள் படுத்திருந்தவளிடம் குனிந்து, "வாழ்க்கையில நம்பிக்கை வேணும்மா" என்று என்னவோ சொல்லிப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, காத்து வரட்டும்" என்று பதில் வந்தது.

கடைசியில் பெரிய அதிகாரி கத்திவிட்டார். "இந்தம்மா யார் சொன்னாத்தான்யா எழுந்திரிக்கும்?"

எல்லாரும் பெயிண்டரைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கச் சங்கடப்பட்டார்.

"நான் சொன்னா எழுந்திரிக்க மாட்டா சார். சொல்லி எதையும் கேட்டதில்லை. நான் கூடப் போனா வருவா."

"போய்யா! போய்த் தொலை!"

ஆனால் லீவு என்று கொடுக்க முடியாது, வாரியம் இரண்டு தடவை மறுத்தாகிவிட்டது. வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நிமிஷம் மோவாயைத் தடவினார். உத்தரவு தயாரானது: சிறை வளாகத்தில் காணப்பட்ட உபரித் தலை ஒன்றை மருத்துவமனையில் கொண்டுபோய் ஒப்படைத்து, அது அங்கே நிலையாகத் தங்கும் வரை மூன்று நாள் கண்காணிக்கும் பணிக்கு இன்னார் நியமிக்கப்படுகிறார், துணைக்கு இரண்டு காவலர். பெரிய அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எண்ணிக்கை நேரானது. கேட் திறந்தது. முதலில் ஓடியவர் நிபுணர்.

வியாழக்கிழமை காலையில் பெயிண்டர் பக்கத்தில் நின்றார், அவள் படுத்தாள். உபரித் தலையைக் கண்காணிக்கக் காவலர்கள் ஆபரேஷன் அறைக்குள்ளேயும் வருவோம் என்றார்கள். டாக்டரம்மா, "யாராவது ஒருத்தர் வாங்க, வயித்தைத் தொறந்ததும் பாத்துட்டு நிக்கணும்" என்றதும் இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே கொண்டுபோகும்போது அவள் பெயிண்டரின் விரலை விடவே இல்லை, நர்ஸ் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. கதவு மூடிய பிறகு, எதிரே இருந்த சுவரில் பெயிண்ட் உரிந்திருந்ததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். யார் அடித்தது, எத்தனை கோட் என்றெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை. மத்தியானம் அவள் கண் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

மூன்றாம் நாள் பெயிண்டர் தானாக ஜெயிலுக்குத் திரும்பினார். காவலர்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடித்துப்போய் இன்னும் ஒரு நாள் இருக்கலாமே என்று கெஞ்சிப் பார்த்தார்கள்.

இதற்கிடையில் நிபுணர் அறிக்கை கொடுத்திருந்தார். சிறையின் சூழல் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாகிவிட்டதால் பொதுமக்கள் உள்ளே வந்து தங்க முயலும் அபாயம் உருவாகியிருக்கிறது, ஆகவே சுற்றுச்சுவரை மேலும் உயர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். உடனே உயர்த்தினார்கள். கண்காணிப்பாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. புதுச் சுவருக்குச் சாம்பல் அடிக்கிற வேலை பெயிண்டருக்கு வந்தது.

ஆறு வாரம் கழித்து அவர் மனைவி பார்க்க வந்தாள். மெதுவாக நடந்து வந்தாள், ஆனால் சுவரைப் பிடிக்காமல் வந்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். அன்றைக்கென்று கூட்டம் குறைவு, கத்த வேண்டியிருக்கவில்லை.

"வலி இருக்கா?"

"சும்மா இருந்தா இல்லீங்க. சிரிச்சாத்தான் உயிர் போகுது. இன்னும் கொஞ்ச நாள் சிரிக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதனால தயவு பண்ணி எதாவது எக்குத்தப்பா சொல்லிடாதீங்க. சாதாரணமா பேசுங்க. இங்க என்ன நடக்குது?"

பெயிண்டர் வாயைத் திறந்தார். மூடினார். சுவர் ஏன் உயர்ந்தது என்பது ஞாபகம் வந்தது, வேண்டாம். வகுப்பில் வாத்தியாருக்கு இப்போது உதவி ஆசிரியர் வேலை கொடுத்திருக்கிறார்கள், அதுவும் வேண்டாம். பெரிய அதிகாரி கக்கூஸிலிருந்து திரும்பி வந்த வேகம், தலைமைக் காவலர் தலைகளை எண்ணப் போன வாரம் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிற முறை, கோப்பையை யாரோ திருடிவிட்டதாகக் கப்பலைச் சந்தேகப்பட்டு அவன் படுக்கிற இடத்தைச் சோதனை போட்டது... ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்து உள்ளேயே வைத்தார். நெற்றியில் வியர்த்துவிட்டது.

"என்னங்க, பேச மாட்டேங்கறீங்க?"

"யோசிக்கறேன்டி. ஒண்ணாவது இருக்கும்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். உதடு துடிக்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, யோசிக்காதீங்க!" என்றாள்.